எமெரிட்டஸ் என்றால் என்ன? ஒரு லத்தீன் பெயரடையின் பிறப்பும் இலக்கணமும்

2024 அக்டோபர் 9 அன்று ரத்தன் டாடா மறைந்தார். அன்றைய செய்திகளில் அவர் பெயரோடு 'டாடா சன்ஸ் சேர்மன் எமெரிட்டஸ்' என்ற அடைமொழி திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு முன் 2013-இல் பதவி விலகிய பதினாறாம் பெனடிக்ட் 'போப் எமெரிட்டஸ்' ஆனார். 2019-இல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரிடம் தன்விவரக் குறிப்பு கேட்டது பெரிய சர்ச்சையானது. அப்போது செய்திகளில் 'புரொஃபசர் எமெரிட்டா' என்று எழுதினார்கள்.

தொழிலதிபர், மதத் தலைவர், ஆசிரியர் மூவருக்கும் ஒரே அடைமொழி. ஓரிடத்தில் 'டஸ்', இன்னோரிடத்தில் 'டா'. இது 'முன்னாள்' என்பதற்கு மரியாதையான சொல்லா, கௌரவப் பதவியா, சம்பளம் உண்டா, ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்று வாசகர்கள் குழம்புவது இயல்பு. இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி சொல்லின் இலக்கணம் தெரிந்தாலே தீர்ந்துவிடும்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

எமெரிட்டஸ் மூன்று துண்டுகளால் ஆனது.

1. நடுவில் இருப்பது 'மெரிட்'. 'மெரேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. உழைத்துச் சம்பாதிப்பது, தனக்குரிய பங்கைப் பெறுவது என்று பொருள். நாம் 'மெரிட்டில் சீட் கிடைத்தது' என்கிறோமே, அந்த மெரிட்டும் இதே வேர்தான். ஆனால் நம் காதில் மெரிட் என்றால் மதிப்பெண், திறமை. ரோமானியர் காதில் அது கூலி. வேலை செய்தேன், அதற்கானது எனக்கு வந்து சேர வேண்டும் என்ற கணக்கு அந்த வினைக்குள் இருக்கிறது.

2. முன்னால் இருப்பது 'ஏ'. இது 'எக்ஸ்' என்ற முன்னொட்டின் குறுகிய வடிவம். 'ம' போன்ற மெய்யொலிகளுக்கு முன் 'எக்ஸ்' தேய்ந்து 'ஏ' ஆகிவிடும். நேர்ப்பொருள் 'வெளியே'. வினையோடு சேரும்போது 'முழுக்க, கடைசி வரை' என்ற பொருளும் தரும். தமிழில் துணைவினைகள் செய்கிற வேலை இது. 'செய்தான்' வேறு, 'செய்து முடித்தான்' வேறு. 'கட்டினான்' வேறு, 'கட்டித் தீர்த்தான்' வேறு. லத்தீனில் 'டிஸ்கோ' என்றால் கற்கிறேன். 'ஏடிஸ்கோ' என்றால் மனப்பாடம் ஆகும்வரை கற்கிறேன். அதேபோல 'மெரேரே' சம்பாதிப்பது, 'ஏமெரேரே' சம்பாதித்து முடிப்பது. இந்த 'ஏ'-வை எதிர்மறை என்று எடுத்துக்கொண்டு 'தகுதி போனவர்' என்று பொருள் சொல்வது தவறு.

3. கடைசியில் உள்ள 'டஸ்' இரண்டு வேலை செய்கிறது. அதிலுள்ள 'ட்' செயல் முடிந்துவிட்டது என்கிறது. 'உஸ்' ஆண்பால், ஒருமை, எழுவாய் வேற்றுமை என்று காட்டுகிறது.

மூன்றையும் சேர்த்தால் 'ஈட்டி முடித்தவன்'. 'ஓய்வு' என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை. வேலையை முழுதாக முடித்து, அதற்குரியதை ஈட்டிவிட்டார், அவ்வளவுதான். ஓய்வு அதன் விளைவாகப் பின்னால் வருவது.

பாசறையில் இருபது வருஷம்

யார் எதை ஈட்டி முடித்தார்கள்? விடை ரோமானியப் படை முகாமில் இருக்கிறது. படைவீரனுக்குக் கொடுத்த சம்பளத்துக்குப் பெயர் 'ஸ்டிபென்டியும்'. 'ஸ்டிப்ஸ்' என்றால் காசு, 'பெண்டேரே' என்றால் எடைபோட்டுக் கொடுப்பது. பயிற்சி மருத்துவர்கள் வாங்கும் 'ஸ்டைபென்ட்' இதன் பேரன். அந்தச் சொல் சம்பளத்தோடு நிற்காமல், சம்பளம் வாங்கிய ஒரு வருஷப் படைச் சேவையையும் குறித்தது. 'ஸ்டிபென்டியா மெரேரே' என்றால் படையில் வேலை பார்ப்பது. அதன் முன் 'ஏ' சேர்ந்தால், விதித்த வருஷங்களை முழுதாகப் பார்த்து முடிப்பது. அப்படி முடித்தவன் எமெரிட்டஸ்.

முடிப்பது சுலபமாக இல்லை. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் சீசர் கிமு 13-இல் படைச் சேவையை 16 வருஷம் என்று நிர்ணயித்தார். கிபி 5-இல் அது 20 வருஷமாக ஏறியது. முடித்தவனுக்கு 12,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தொகை. அன்றைய சாதாரண வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ், அதாவது 900 செஸ்டர்ஸ். ஆக, முடிவில் கிடைத்தது பதின்மூன்று வருஷச் சம்பளத்துக்கும் மேல். இதற்கென்றே கிபி 6-இல் ஒரு தனிக் கருவூலம் திறந்து, தன் கையிலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார் அகஸ்டஸ். தொடர்ந்து பணம் வர வாரிசுச் சொத்தின் மீது 5 விழுக்காடு வரியும் ஏல விற்பனை மீது 1 விழுக்காடு வரியும் விதித்தார்.

ஆனால் ஏட்டில் இருந்தது கையில் வரவில்லை. கிபி 14-இல் அகஸ்டஸ் இறந்ததும் இரண்டு எல்லைகளில் படைகள் கலகம் செய்தன. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். டான்யூப் எல்லை மாகாணமான பன்னோனியாவில் பெர்சென்னியஸ் என்ற சாதாரண வீரன் மேடைப் பேச்சாளன்போலப் பேசுகிறான். கிழவர்கள் முப்பது, நாற்பது வருஷமாக உழைக்கிறார்கள். விடுவித்த பிறகும் கொடியின் கீழ் நிறுத்தி வேறு பெயரில் அதே வேலையை வாங்குகிறார்கள். நிலம் என்று கொடுப்பது சதுப்பும் மலைச்சரிவும். நம் உடலுக்கும் உயிருக்கும் நாளொன்றுக்குப் பத்து ஆஸ் காசுதான் விலை என்கிறான். ஒரு தெனாரியஸுக்கு 16 ஆஸ். 360 நாளுக்குக் கணக்குப் போட்டால் சரியாக 225 தெனாரியஸ் வருகிறது. அவன் மிகைப்படுத்தவில்லை.

ரைன் நதிக்கரையில் இன்னொரு காட்சி. தளபதி ஜெர்மானிக்கஸ் முகாமுக்குள் வந்ததும் சிலர் முத்தமிடுவதுபோல அவர் கையைப் பற்றி, விரல்களைத் தங்கள் வாய்க்குள் வைத்துக்கொண்டார்கள். பல் இல்லாத ஈறு அவர் விரலில் பட வேண்டும் என்பதற்காக. வேறு சிலர் கூன் விழுந்த உடம்பைக் காட்டினார்கள். கலகத்தை அடக்க எழுதிய கடிதத்தின் முதல் சலுகை, இருபது வருஷச் சேவையை 'மெரிட்டிஸ்' ஆனவர்களுக்கு, அதாவது ஈட்டியவர்களுக்கு, விடுதலை என்பது. நம் சொல்லின் உடம்பு அந்த வரியில் அப்படியே இருக்கிறது; முன்னொட்டு மட்டும் இல்லை. பல் விழுந்த பிறகும் இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவர்களை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

படைக்கு வெளியே இந்தச் சொல் உவமையாகப் போனதும் பழைய கதைதான். கிமு 44-இல் முதுமையைப் பற்றி எழுதிய ரோமானியப் பேச்சாளர் சிசெரோ, காமம், பதவி ஆசை, போட்டி, பகை ஆகியவற்றின் படைச் சேவையை எல்லாம் முடித்துவிட்ட மனம் தன்னோடு தானே வாழ்வது எவ்வளவு பெரிய பேறு என்கிறார். 'முடித்துவிட்ட' என்ற இடத்தில் அவர் போட்டது இதே பெயரடையைத்தான்.

ஆளுக்கேற்ப மாறும் பெயரடை

இப்போது 'டஸ்', 'டா' விவகாரம். தமிழில் பெயரடை மாறாது. நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரங்கள். எதன் முன்னால் வந்தாலும் 'நல்ல' அப்படியே நிற்கும். லத்தீன் பெயரடை அப்படி நிற்பதில்லை. தான் விவரிக்கிற பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் அது காட்டியாக வேண்டும்.

நமக்கு இது அந்நியமானதும் அல்ல. 'நல்ல' மாறாது, ஆனால் நல்லவன், நல்லவள், நல்லவர், நல்லது, நல்லவை மாறும். 'முடித்த' மாறாது, முடித்தவன், முடித்தவள், முடித்தவர்கள் மாறும். வினையிலிருந்து பிறந்து, அதைச் செய்தவரைக் குறிக்கும் பெயராக நிற்பதை நம் இலக்கணம் வினையாலணையும் பெயர் என்கிறது. எமெரிட்டஸைத் தமிழ் வழியே புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. எழுவாய் வடிவங்கள் இவை:

1. எமெரிட்டஸ்: ஈட்டி முடித்தவன்
2. எமெரிட்டா: ஈட்டி முடித்தவள்
3. எமெரிட்டும்: ஈட்டி முடித்தது
4. எமெரிட்டி: ஈட்டி முடித்தவர்கள் (ஆண்கள், அல்லது இருபாலரும் சேர்ந்து)
5. எமெரிட்டை: ஈட்டி முடித்த பெண்கள் (இன்று 'எமெரிட்டே' என்றும் சொல்வார்கள்)
6. எமெரிட்டா: ஈட்டி முடித்தவை

இரண்டாவதும் ஆறாவதும் ஒரே வடிவம். அதனால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'எமெரிட்டா' என்று கண்டதும் பெண் என்று முடிவு கட்ட முடியாது. 'ஸ்டிபென்டியா எமெரிட்டா' என்றால் முடித்துவிட்ட சேவை வருஷங்கள்; அது அஃறிணைப் பன்மை.

இன்னொரு நுணுக்கமும் இங்கே இருக்கிறது. வீரனும் எமெரிட்டஸ், அவன் முடித்த வருஷங்களும் எமெரிட்டா என்றால், செய்தவரைக் குறிக்கிறதா, செய்யப்பட்டதைக் குறிக்கிறதா? இரண்டையும்தான். 'படித்த பெண்' என்றால் அவள் படித்தாள். 'படித்த பாடம்' என்றால் பாடத்தை யாரோ படித்தார்கள். தமிழ்ப் பெயரெச்சம் எல்லா வினையிலும் இந்த இரண்டு வேலையையும் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. லத்தீனில் இறந்தகாலப் பெயரடை பொதுவாகச் செயப்பாட்டுப் பொருளே தரும்; 'அமாட்டஸ்' என்றால் நேசிக்கப்பட்டவன். ஆனால் சில வினைகளுக்குச் செயப்பாட்டு உருவம் இருந்தாலும் பொருள் செய்வினையாகவே இருக்கும். 'மெரேரே'-க்கு அப்படி ஓர் இணை உருவம் உண்டு. அதனால்தான் எமெரிட்டஸ் 'ஈட்டப்பட்டவன்' ஆகாமல் 'ஈட்டி முடித்தவன்' ஆகிறது.

பெயரடை இப்படிப் பெயரோடு ஒத்துப்போவதுதான் இயைபு. அது ஒரே ஒலியில் முடிவது என்று நினைக்கக் கூடாது. 'பாப்பா' என்பது போப்பைக் குறிக்கும் லத்தீன் சொல். 'ஆ'-வில் முடிந்தாலும் அது ஆண்பால். ஆகவே 'பாப்பா எமெரிட்டஸ்' என்பதே சரி, 'பாப்பா எமெரிட்டா' பிழை. எதிர்ப்பக்கத்தில் 'கொலோனியா' என்பது பெண்பால். கிமு 25-இல் அகஸ்டஸ் ஸ்பெயினில் போர் முடித்த ஐந்தாம், பத்தாம் படைப்பிரிவு வீரர்களுக்காக ஒரு குடியேற்ற நகரை நிறுவினார். அங்கே குடியேறியவர்கள் ஆண்கள். நகரின் பெயரோ 'எமெரிட்டா அகஸ்டா'. பெயரடை ஆட்களோடு இயையாமல் 'கொலோனியா' என்ற பெயரோடு இயைந்தது. பின்னாளில் அரபு ஆட்சியில் 'மாரிதா' ஆகி, இன்று 'மெரிடா' என்று வழங்குகிறது. குவாடியானா ஆற்றின் மேல் ரோமானியப் பாலமும், நகருக்குள் ரோமானிய அரங்கமும் இன்னும் நிற்கின்றன. ஸ்பெயின்காரர்கள் கடல் கடந்து போனபோது மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் நகரங்களுக்கு இதே பெயரை வைத்தார்கள். மூன்று நாடுகளின் வரைபடத்தில் ஒரு லத்தீன் பெயரடை, முன்னொட்டை மட்டும் உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

பெண் பேராசிரியரை எப்படிக் குறிப்பது

ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பால் கிடையாது. அதனால் நெடுங்காலம் எல்லாருக்கும் 'எமெரிட்டஸ்' என்றே எழுதினார்கள். கடந்த சில பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு 'எமெரிட்டா' பரவலாகிவிட்டது. இதை எதிர்ப்பவர்கள் சொல்லும் வாதம், 'புரொஃபசர்' லத்தீனில் ஆண்பால் சொல், ஆகவே அதோடு இயைய 'எமெரிட்டஸ்'தான் வர வேண்டும் என்பது. கேட்க இலக்கணமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை. 'எமெரிட்டா' தானே தனித்து நிற்கக்கூடிய பெயர். 'ஈட்டி முடித்தவள்' என்று அந்த ஆளையே சுட்டுகிறது. பட்டம் பெறுவது ஒரு பெண், 'புரொஃபசர்' என்ற சொல் அல்ல. ரொமிலா தாப்பரை 'எமெரிட்டா' என்று எழுதியது லத்தீனுக்கும் பொருத்தம், ஆளுக்கும் பொருத்தம். பால் குறிப்பே வேண்டாம் என்று விரும்புவோருக்காக ஈற்றை வெட்டி 'எமெரிட்' என்று சொல்லும் வழக்கமும் இப்போது வந்திருக்கிறது.

பன்மையில் 'புரொஃபசர்ஸ் எமெரிட்டி'. அடைமொழி பெயருக்குப் பின்னால் வருவதும் லத்தீன் பழக்கம்தான். ஆங்கிலம் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

முன்னாள், கௌரவ, எமெரிட்டஸ்

செய்திகளில் அதிகம் குழப்பப்படுவது இந்த மூன்றும்தான்.

1. முன்னாள். ஆங்கிலத்தில் 'எக்ஸ்' போடுவது. பதவியில் இருந்தார், இப்போது இல்லை. எப்படி வெளியேறினார் என்பது பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்லாது. பதவி பறிக்கப்பட்டவரும் முன்னாள்தான். வேடிக்கை என்னவென்றால் இதுவும் எமெரிட்டஸில் உள்ள அதே முன்னொட்டு. இங்கே 'வெளியே' என்ற பொருள், அங்கே 'முழுக்க' என்ற பொருள்.

2. கௌரவ, மதிப்புறு. லத்தீனில் 'ஹொனோரிஸ் காவ்ஸா', பெருமைப்படுத்தும் பொருட்டு. மதிப்புறு முனைவர் பட்டம் வாங்குபவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை.

3. எமெரிட்டஸ். அந்தப் பதவியை உண்மையில் வகித்து, முறையாக முடித்தவருக்கு மட்டும். பதவியின் அதிகாரம் போய்விடுகிறது, பெயர் தங்குகிறது.

மூன்றாவதை எழுத்தில் வரையறுத்திருப்பது கத்தோலிக்கத் திருச்சபை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி ஆயர்கள் 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அது ஏற்கப்பட்டதும் தம் மறைமாவட்டத்தின் 'எமெரிட்டஸ்' என்ற பட்டம் அவருக்குத் தங்கும். ஆயர்களுக்கு இது சாதாரண நடைமுறை. போப் பதவிக்கு அப்படி ஒரு முன்மாதிரி இருக்கவில்லை. 2013 பிப்ரவரி 11 அன்று பெனடிக்ட் விலகலை அறிவித்தபோது, இனி அவரை என்னவென்று அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. 'உரோமை ஆயர் எமெரிட்டஸ்' போதும் என்று கருதிய சட்ட அறிஞர்கள் உண்டு. வத்திக்கான் 'போப் எமெரிட்டஸ்' என்று அறிவித்தது. உடனே 'அப்படியென்றால் இரண்டு போப்பா?' என்ற கேள்வி கிளம்பி, 2022 டிசம்பர் 31 அன்று அவர் மறையும்வரை ஓயவில்லை. சொல்லின் பொருளைப் பார்த்தால் பதில் எளிது. முடித்தவர் ஒருவர், வகிப்பவர் ஒருவர்.

ரத்தன் டாடா விஷயத்தில் வேறொரு திருப்பம். 2012 டிசம்பரில் ஓய்வுபெற்று எமெரிட்டஸ் ஆனவர், 2016 அக்டோபரில் இடைக்காலத் தலைவராகத் திரும்பி வந்து, 2017-இல் என். சந்திரசேகரனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். முடித்தவர் மறுபடி எப்படிப் பதவியில் அமரலாம் என்று கேட்கலாம். ரோமானியப் படையிலும் சேவை முடித்தவர்களைத் திரும்ப அழைப்பது உண்டு. அவர்களுக்கு 'எவோகாட்டி' என்று பெயர், 'வெளியே அழைக்கப்பட்டவர்கள்'. இதிலும் அதே 'ஏ'.

கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமா?

2019 சர்ச்சையின் மையம் இதுதான். 75 வயதைக் கடந்த எமெரிட்டஸ் பேராசிரியர்களின் நிலையை மறுபரிசீலனை செய்ய விதி இருக்கிறது, அதற்காகவே தன்விவரக் குறிப்பு கேட்டோம் என்றது பல்கலைக்கழகம். இது செய்து முடித்த பணிக்கான வாழ்நாள் மரியாதை, இனிமேல் என்ன செய்வார் என்று பார்த்துக் கொடுப்பதல்ல என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். தாப்பர் குறிப்பை அனுப்ப மறுத்தார்.

சட்டப்படி எது செல்லும் என்பதை அந்தந்த நிறுவனத்தின் விதிதான் தீர்மானிக்கும். லத்தீன் இலக்கணம் நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் சொல்லின் தர்க்கம் தெளிவாக ஒரு பக்கம் நிற்கிறது. எமெரிட்டஸ் இறந்தகாலப் பெயரடை. முடித்ததை முடிக்காததாக ஆக்க முடியாது. காலவரையோடு கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு வழங்கிவந்த எமெரிட்டஸ் ஃபெலோஷிப் அப்படிப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆய்வைத் தொடரக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்பட்ட நிதியுதவி அது. பெயரில் ஒரே சொல் இருப்பதால் உதவித்தொகையையும் பட்டத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அப்புறம்தான் சம்பளம் உண்டா என்ற கேள்வி வருகிறது. உதவித்தொகைக்குப் பணம் உண்டு. பட்டத்துக்குப் பெரும்பாலும் பெயரும், நூலகத்தையும் ஓர் அறையையும் பயன்படுத்தும் உரிமையும்தான்.

தமிழில் என்ன சொல்வது

'ஓய்வுபெற்ற பேராசிரியர்' போதாது. ஓய்வு வயது வந்த எல்லாருக்கும் அது பொருந்தும். ஈட்டியது அதில் இல்லை. 'கௌரவப் பேராசிரியர்' தவறு, மேலே இரண்டாவது வகையோடு கலந்துவிடும். இலங்கையில் 'வாழ்நாள் பேராசிரியர்' என்ற வழக்கு இருக்கிறது. பட்டம் கடைசிவரை தங்கும் என்பதை அது பிடித்துவிட்டது. பணி முடிந்தது என்பது அதில் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் வழங்கும் 'தகைசால் பேராசிரியர்' முதல் பார்வைக்கு வெறும் புகழ்ச்சிபோலத் தோன்றும். தகை என்றால் சிறப்பு. ஆனால் 'சால்' என்ற வினைக்கு நிறைதல், முழுமை பெறுதல் என்று பொருள். எமெரிட்டஸில் 'ஏ' செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இதே 'சால்'-இலிருந்துதான் சான்றோர் என்ற சொல்லும் பிறந்தது. புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்கிறார். அந்தப் பாட்டிலேயே கொல்லன் வேல் வடித்துக் கொடுக்கிறான், மகன் களிற்றை வீழ்த்தித் திரும்புகிறான். அதனால் அங்கே சான்றோன் என்றால் படைவீரன் என்றே பொருள் கொள்ளும் அறிஞர்கள் உண்டு.

பால் பிரச்சினையும் தமிழில் எழாது. 'பேராசிரியர்' என்பதன் 'அர்' ஈறு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. லத்தீன் சொல்லையே போட விரும்பினால் பெண்ணுக்கு எமெரிட்டா, பலருக்கு எமெரிட்டி என்று எழுதலாம். 'எமெரிட்டஸ்கள்' வேண்டாம்.